எலும்பு சிக்கவில்லை, அண்ணா

மலைப் பாதையில் எப்போதும் எனக்கு நாலடி முன்னால் நடந்த என் அண்ணாவுக்கு,

சாமை அறுப்பு முடிந்துவிட்டது. மேட்டுக் கொல்லையை இந்த வருஷம் அண்ணியே முன்னால் நின்று அறுத்தாள். பலா மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது. உன் மகள் வாய் ஓயாமல் பேசுகிறாள். யார் கூப்பிட்டாலும் "வர மாட்டேம் போ" என்கிறாள். பிடிவாதம் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

நான் பி.ஏ. தேறிவிட்டேன். மலைமேல் நம் குண்டூர் நாட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தானாம். செம்மேட்டுச் சந்தையில் உப்புக்காரர் என்னை நிறுத்தி, "ஏனுங்க அம்மணி, அதை வெச்சுக்கிட்டு மலைமேல என்னங்க பண்ணுவீங்க" என்று கேட்டார். தெரியாத மனிதர் முன்னால் எனக்கு வாய் அடைத்துப்போகும், உனக்குத் தெரியாதா? அந்த ஒரு காரியத்தில் பட்டம் ஒன்றும் உதவவில்லை.

இந்தச் செய்திகளைச் சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். பேசும்போது அடைக்கிற வாய் எழுதும்போது அடைப்பதில்லை. பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். நீ படிக்க முடியாது. படிக்க முடிந்தவர்கள் படிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் நாய் இருக்கும்.

கொஞ்சம் கோபம் உன் மேலும்தான். ஏன் அந்த வாய்க்குள் கையை விட்டாய், அண்ணா?

மலைக்குக் கீழே இருப்பவர்களுக்காக நம் வழக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேட்டை முடிந்தால் நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. அதை அதன் சொந்தக்காரன் தன் கையாலேயே போட வேண்டும். பிறகு நாய் வாயைத் திறந்தபடி நின்றால், எலும்பு சிக்கிவிட்டது என்று ஊரே சொல்லும். பங்கு போட்ட கைதான் உள்ளே போய் அதை எடுக்க வேண்டும். வேறு கை எடுத்தால் அந்த நாய்க்கு மோப்பம் போய்விடுமாம். குச்சியால் எடுத்தால் சாமிக்கு ஆகாதாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நீ எங்களை விட்டுப் போன வருஷம், தை மாத வேட்டைக்கு மறுநாள், உன் நாய் கருவாயன் அப்படித்தான் நின்றது. கீழ்த்தாடை தொங்கிப்போய், எச்சில் நூல் நூலாக ஒழுகிக்கொண்டு. ஊர் கூடியது. எலும்பு என்றது. முள்வேலி கட்டிக் கீறியிருந்த கையை நீ முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் தேடினாய். ஒன்றும் அகப்படவில்லை. நாய் செத்தது. எலும்பு வயிற்றுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். மாசிக் கடைசியில் உன் கை விறுவிறுத்தது. பிறகு உன்னால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. நான் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தபோது சொம்பைப் பார்த்தாலே உனக்குத் தொண்டை இழுத்துக்கொண்டிருந்தது.

சாமி குத்தம் என்றார்கள். பெண்பிள்ளையை இங்கிலீஷ் படிக்க அனுப்பியதால் வந்தது என்றும் சிலர் சொன்னார்கள். என் காதில் விழும்படியே சொன்னார்கள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரிக்குத் திரும்பிப் போன பிறகு ஒரு தோழியின் வீட்டில் சாப்பிட்டேன். அவளுடைய அப்பா மாட்டு டாக்டர். உன்னைப் பற்றி அவள்தான் எடுத்துச் சொன்னாள். அவர் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். வேட்டைக்கு முந்தின நாட்களில் நாய் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். அண்ணி சொன்னதையெல்லாம் சொன்னேன். தானியக் குதிருக்கு அடியில் இருட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரவில்லை. குரைப்பு கடைசியில் ஊளையாக இழுத்தது. மார்கழியில் ஊர் சுற்றி வந்த ஏதோ ஒரு நாய் கடித்த காலை ஓயாமல் நக்கியது.

"இத்தனையும் பார்த்தும் யாருக்கும் தோன்றவில்லையா, அம்மா?" என்றார்.

வெறிநாய் என்றால் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதானே நாம் நினைத்தோம்? சும்மா நின்று எச்சில் ஒழுக்குகிற வெறியும் உண்டாம். தாடையும் தொண்டையும் செயலற்றுப்போவதால் வாய் மூடாது, விழுங்க முடியாது. பார்க்கிறவர்களுக்கு எலும்பு சிக்கியதுபோலவே இருக்கும். எலும்பு நிஜமாகச் சிக்கிய நாய் பெரும்பாலும் சும்மா நிற்காதாம். முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், தலையை உதறும், முகத்தைத் தரையில் தேய்க்கும். தின்றுகொண்டிருக்கும்போதே அது தொடங்கும். "ஆனால் வெளியே நின்று பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாத நாள் எனக்கே உண்டு" என்றார். "அதனால்தான் சொல்கிறேன், கையை விடக்கூடாது. திடீரென்று சுபாவம் மாறி, குரல் மாறி, விழுங்க முடியாமல் நிற்கிற நாய் வீட்டு வைத்தியத்துக்கு உரியதில்லை. அதை அடைத்து வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். எச்சில் பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. எச்சில் பட்டவுடன் போட்டுக்கொள்ள ஊசி இருக்கிறதாம். குன்னூரில் மருந்து செய்கிறார்களாம். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் வருகிறதாம். நீ கையை விட்ட நாளுக்கும் கை விறுவிறுத்த நாளுக்கும் நடுவில் எத்தனை சந்தை நாள் போயிற்று. அத்தனை நாளும் அந்த மருந்து மலைக்குக் கீழே இருந்தது. ஒருவர்கூட உன்னிடம் சொல்லவில்லை.

சொல்லியிருக்க முடியாதா? நாய் வாயைத் திறந்து நின்ற அன்றைக்கே மிளகு விற்கக் கீழே போன நம் பங்காளி, டவுன் மாட்டாஸ்பத்திரியில் கருவாயனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "மலை நாய்க்கெல்லாம் டாக்டரா? போய் எருமை செத்தா வா" என்று கம்பவுண்டர் சிரித்தாராம். அதே ஆஸ்பத்திரிக்குத்தானே மலைமேல் பங்களாவில் இருந்த துரையின் குட்டை நாயை டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனீர்கள்? நீயும் ஒரு பக்கம் தோள் கொடுத்தாயே. வெண்ணெய் தின்று அதற்கு வயிறு உப்பிவிட்டது என்று நீ வந்து சொல்லிச் சிரித்தாய். அடிவாரத்துப் புளியஞ்சோலையில் அதற்காகக் கார் காத்திருந்தது. வழியெல்லாம் மேலே படுத்துக்கொண்டு அது உங்களைப் பார்த்துக் குரைத்தது என்றாய். அன்று நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

இனி இந்தத் தையில், நான் பொங்கல் லீவில் வந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

வேட்டைக்கு மறுநாள் காலையில் வெள்ளையன் மாமா வீட்டுப் பக்கம் கூட்டம். உன்னோடு ஒட்டிக்கொண்டே திரிந்த மாமாதான். அண்ணிக்கு அண்ணன் முறை. அவருடைய செவலை நாயைப் பலா மரத்தில் கட்டியிருந்தார்கள். தாடை தொங்கியிருந்தது. எச்சில் ஒழுகி மார்பெல்லாம் நனைந்திருந்தது. கால் மடக்கிப் பிறாண்டவில்லை. எங்கேயோ பார்த்தபடி நின்றது.

"எலும்புதான். நேத்து பன்னிக் கறியில பெருசாத்தான் போட்டான்."

"போட்டவன் எடுக்கட்டும். ஏன் வெள்ளையா, புதுப் பொண்ணாட்டம் ஓரமா நிக்கற?"

"காலையிலயே ஒருக்கா கை உட்டுப் பாத்தேனுங்க. ஆப்பிடல" என்றார் மாமா. அறுப்பில் அரிவாள் பட்ட விரலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டிருந்தார்.

நான், "மாமா, வேண்டாங்க" என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அது எனக்கே தெரியாமல் கத்தலாக வந்தது.

"ஏன் கண்ணு?"

"அது எலும்பு இல்லீங்க."

கூட்டத்தில் யாரோ, "பி.ஏ.வுல நாய் வாய்க்குள்ள கெடக்கறதெல்லாமா சொல்லிக் குடுக்கறாங்க" என்றார்கள். சிரிப்பு.

"அங்க சொல்லிக் குடுக்கலீங்க. எங்கண்ணன் செத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஊர்க்கவுண்டர் முன்னால் வந்தார். "உங்கண்ணன் போனது சாமி குத்தம். அதை இங்க இழுக்காத, அம்மணி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. உன்னைக் கொண்டுபோய்ப் புதைத்த அன்றும் இதே குரலில்தான் பேசினார்.

நான் அவரைத் தாண்டிப் போனேன். மாமாவின் மனைவி பாவாயி அத்தையைப் பார்த்துக் கேட்டேன். "நேத்து அது பங்கைத் தின்னுச்சாங்க அத்தே?"

அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லு புள்ள. தின்னுச்சில்ல?" என்றார் மாமா.

"இல்லீங்க."

"என்ன இல்ல?"

"திங்கலீங்க. மோந்து பாத்துட்டு குதிருக்குப் பின்னாடி போயிப் படுத்துக்கிச்சு. நாந்தான் எடுத்து ஓடைக்கு அந்தப் பக்கம் வீசினேன்."

தின்னாத எலும்பு தொண்டையில் எப்படிச் சிக்கும், அண்ணா? இதைக் கேட்க ஒரு படிப்பும் வேண்டியதில்லை. கேட்காமலிருக்கத்தான் ஊர் பழகியிருக்கிறது. பங்கை நாய் தொடாவிட்டால் வீட்டுக்கு இழுக்கு. வேட்டையில் யாருக்கு அடிபட்டாலும் அந்த வீட்டைத்தான் காட்டுவார்கள். அதனால் அத்தை வாயை மூடிக்கொண்டாள். அவள் மூடிக்கொண்டதால் மாமா காலையில் கையை விட்டார்.

எனக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. அவள் வந்ததை நான் பார்க்கவில்லை.

"எங்க கருவாயனும் திங்கல" என்றாள். "நான் குழி தோண்டிப் பொதைச்சேன். அவுங்ககிட்டகூடச் சொல்லல."

மூன்று வருஷமாக, நான் லீவில் வரும்போதெல்லாம், என்னோடு ஒரே பாயில் படுக்கிறாள். என்னிடமும் சொன்னதில்லை. அண்ணிமேல் எனக்குக் கோபம் இல்லை, அண்ணா. உனக்கும் இருக்காது. ஒரு துண்டு எலும்பை ஒளித்துவைக்க வேண்டிய அளவுக்கு ஒரு பெண்ணைப் பயமுறுத்தி வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அவர்கள் அன்றும் அங்கேதான் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்கள்.

நாயிடம் யாரும் போகாதபடி ஆட்டுப்பட்டியின் மூங்கில் படலைக் கொண்டுவந்து மரத்தைச் சுற்றிக் கட்டவைத்தேன். குழந்தைகளை விரட்டினேன். என் டிரங்குப் பெட்டியிலிருந்த சோப்பை எடுத்துக்கொண்டு மாமாவை ஓடைக்கு இழுத்துப்போய், ஓடுகிற தண்ணீரில் கையைக் கழுவச் சொன்னேன். போதும் என்றார். போதாது என்றேன். "கல்யாணத்துக்குக்கூட நான் இப்படித் தேச்சதில்ல, அம்மணி" என்றார். அதுவரைக்கும் வந்தார். ஆஸ்பத்திரி என்றதும் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"வயித்துல ஊசி குத்துவாங்களாமா. நான் வல்ல. எனக்கு என்ன, நல்லாத்தான இருக்கறேன்?"

"நல்லா இருக்கறப்பதானுங்க மாமா போகணும். நோவு வந்துட்டா ஊசிக்குக் கேக்காதுங்க."

"வந்தாப் பாத்துக்கலாம், கண்ணு."

எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் தீர்ந்துபோயிற்று. நல்லா இருக்கிறேன் என்கிறவனை என்ன சொல்லி எழுப்புவது? அப்போது பின்னாலேயே வந்திருந்த அண்ணி சொம்பில் ஓடைத் தண்ணீரை மொண்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"குடிங்கண்ணா."

"தாகமில்ல, அம்மணி."

"தாகத்துக்குக் கேக்கல. குடிங்க."

குடித்தார்.

"எறங்குச்சா?"

"எறங்காம?"

"அவுங்களுக்கு எறங்கல" என்றாள் அண்ணி. "ஈரத் துணியை ஒதட்டுல வெச்சேன். அதுக்கே கையும் காலும் இழுத்துக்குச்சு. தண்ணி வேணும் வேணும்னுதான் கேட்டாங்க. கொண்டுபோனா, எடுத்துட்டுப் போயிருன்னு கும்பிட்டாங்க. நான் பாத்தேன். பாவாயி பாக்க வேண்டாங்கண்ணா."

சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உன் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

புளியஞ்சோலை வழியாக இறங்கினோம். அத்தையும் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் விவரத்தைச் சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்காமல் மாமாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே எனக்குச் சண்டை போட வேலையில்லை. சண்டை மாட்டாஸ்பத்திரியில் காத்திருந்தது. அதே கம்பவுண்டர்.

"நாயா? மலையிலயா?" என்றார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அந்தச் சமயத்தில் டாக்டரே வெளியே வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்களெல்லாம் முற்றிய பிறகுதான் வருவீர்கள். முதல் நாளே சொன்னால் என்ன?" என்று சலித்துக்கொண்டார்.

ரயிலடியில் டிக்கெட் கேட்கக்கூடத் தோழியை முன்னால் தள்ளுகிற உன் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? பேசினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் நாளே சொல்லி அனுப்பினோம், உங்கள் கம்பவுண்டர் எருமை செத்தால் வரச் சொன்னார் என்றேன். துரை நாயைத் தூக்கிவந்த தோள்களில் ஒன்று இன்று மண்ணுக்குள் இருக்கிறது என்றேன். மலையில் நாயைத் தொட்டால் என்ன வரும் என்று சொல்ல உங்களில் ஒருவர்கூட ஒரு சந்தை நாளிலும் மேலே வந்ததில்லை, வராமலே இருந்துவிட்டு எங்களை அறியாதவர்கள் என்கிறீர்கள் என்றேன். இங்கிலீஷிலும் சொன்னேன், தமிழிலும் சொன்னேன்.

டாக்டர் மறுநாள் காலையில் ஏறி வந்தார். டோலி கேட்கவில்லை, நடந்தே வந்தார். பாதி வழியில் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாராம். அதற்குள் செவலை செத்துவிட்டது. தடித்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, சோதனைக்கு வேண்டியதை எடுத்துத் தகரத்தில் அடைத்துக் குன்னூருக்கு அனுப்பினார். ஊரில் கடிபட்டிருந்த மற்ற நாய்கள் எவை என்று வீடு வீடாகக் கேட்டார். அந்தத் தடவை பெண்கள் பதில் சொன்னார்கள். முதலில் ஒருத்தி, பிறகு எல்லோரும்.

குன்னூரிலிருந்து பதில் வந்தது. அதே நோய்தான். உன்னுடையதும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். சாமி இல்லை, அண்ணா. என் படிப்பும் இல்லை.

மாமா ஊசியெல்லாம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தொப்புளைச் சுற்றிக் கட்டாந்தரை ஆகிவிட்டதாம். ஏர் ஓட்டினாலும் இறங்காது என்கிறார். மாசி போய்விட்டது, பங்குனியும் போய்விட்டது, கை விறுவிறுக்கவில்லை. வைகாசியில் வரகு விதைத்தார். இப்போது அறுப்பும் பார்த்துவிட்டார். இன்னும் கொஞ்ச காலம் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஊர் மட்டும் இன்னும் மாறவில்லை. பங்கு போட்ட கையால் எலும்பை எடுக்காமல் வேட்டை நாயைச் சாகவிட்டதற்கு மாமா குற்றப் பூசை போட வேண்டும் என்று ஊர்க்கவுண்டர் சொல்கிறார். எடுக்க எந்த எலும்பு இருந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. மாமாகூட, "போட்டுத் தொலைச்சா ஆச்சு" என்கிறார். உயிரைக் கொண்டுவந்து கொடுத்தாலும் மனிதர்கள் தலையைக் குனியும் இடம் மாறுவதில்லை. எனக்கு எவ்வளவு எரிகிறது தெரியுமா?

நீ இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்? வழக்கத்தின் பக்கமா, என் பக்கமா? முதலில் கையை விட்டவன் நீதான். அதனால் நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் ஊர் வேண்டாம் என்றபோது என்னைப் படிக்க அனுப்பியவனும் நீதான்.

வரும் தையில் வேட்டைக் கறியைக் கூறு போடும் களத்துக்குப் போவேன். பெண்கள் நிற்கக் கூடாத இடம். அண்ணியும் பாவாயி அத்தையும் வருகிறேன் என்றிருக்கிறார்கள். பங்கு போடுவதற்கு முன்னால், எந்த நாய் இருட்டில் போய்ப் படுத்தது, எதன் குரல் மாறியது, எது பங்கைத் தொடவில்லை என்பதையெல்லாம் இனி வீட்டுப் பெண்கள் உரக்கச் சொல்வார்கள் என்று அங்கே சொல்வேன். வாய் தொங்கிய நாய்க்குள் எந்தக் கையும் போகக் கூடாது என்று சொல்வேன். அதைச் சொல்ல நீ யார் என்று கேட்பார்கள். உன் பேரைச் சொல்வேன். குரல் அடைத்துக்கொண்டால் திரும்பவும் சொல்வேன், கேட்கும்வரைக்கும்.

இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
உன் மகளுக்கு அத்தை.